கரை தட்டிய சக்கரக்கலம்: பழைய நிழற்படங்கள் இரண்டு பற்றிய ஆய்வு

கடலூர் முதுநகரில், உப்பனாற்றங்கரைக்கு அணித்தாயுள்ள ஒரு பழைய வீட்டின் கூடத்தில் நிழற்படம் ஒன்று நெடுங்காலமாகத் தொங்குகின்றது. மணல் மேட்டில் ஒருபுறம் சாய்ந்து கிடக்கும் நீராவிக் கலம் ஒன்றனை அப்படம் காட்டுகின்றது. சட்டத்தினுள் படத்திற்குக் கீழே ஒட்டியுள்ள தாள்துண்டில், அது வ. உ. சிதம்பரம் பிள்ளையவர்களின் காலியாக் கப்பல் என்றும், கிடக்குமிடம் கடலூர் உப்பனாறு என்றும் எழுதப்பட்டுள்ளது. அவ்வீட்டார் இதனை ஐயுற்றதில்லை. தம் குடும்பத்து முன்னோர் ஒருவர் சுதேசிக் கப்பல் சங்கத்திற் பங்கு வாங்கியவர் என்பதற்கு அப்படமே சான்று என அவர்கள் கொண்டிருந்தனர். உள்ளூர்ப் பள்ளிகளில் விடுதலை நாள் விழா நிகழும்போதெல்லாம் படம் அங்கே எடுத்துச் செல்லப்பட்டு, மாலை சூட்டப்பட்டுத் திரும்பி வருமாம். சிதம்பரத்திலிருந்து யாம் அதனைக் காணச் சென்றபோது, சட்டத்தின் மேல் உலர்ந்த கதம்ப மாலையொன்று இருந்தது.

இப்படத்தின் படி ஒன்று மாவட்ட வரலாறு பற்றிய தொகுப்பொன்றிற் சேர்க்கப்பட இருந்தமையால், அது யாது எனத் துணிந்து கூறும் பொறுப்பு எம்மைச் சார்ந்தது. நிழற்படம் பொய் சொல்லாது என்பர். படம் பொய் சொல்லாதாயினும் படத்தின் கீழ் எழுதப்படும் சொல் பொய்யாகலாம். கல்வெட்டாராய்ச்சியில் எழுத்தின் காலத்தையும் செய்தியின் காலத்தையும் வெவ்வேறாக வைத்து நோக்குதல் வழக்கம். அம்முறையையே ஈண்டும் மேற்கொண்டோம்.

முதற்கண் அத்தாள்துண்டினை நோக்கினோம். எழுத்து பந்துமுனைப் பேனாவால் எழுதப்பட்டது. மைக்கூட்டுப் பேனாவின் கோட்டில் தோன்றும் தடிப்பும் மெலிவும் இதனிடத்து இல்லை. ஒரே சீரான கோடு, ஆங்காங்கே மை திரண்ட பொட்டுகள். பந்துமுனைப் பேனா உலகச் சந்தைக்கு வந்ததே 1945-ஐ ஒட்டித்தான். நம் ஊர்களிற் பரவியது அதற்கும் பின்னர். எனவே 1911-இல் கலைக்கப்பட்ட ஒரு கப்பற் சங்கத்தைப் பற்றிய இக்குறிப்பு, அந்நிகழ்ச்சிக்குப் பல்லாண்டு பிற்பட்டவர் ஒருவரால் எழுதப்பட்டது என்பது வெளிப்படை. அதனாலேயே அது பிழையென்று ஆகிவிடாது. ஆயினும் கண்டார் கூற்று என்னும் மதிப்பினை அது இழக்கின்றது. வீட்டின் இன்றைய முதியவரை வினவியபோது, எழுதியவர் தம் தமையனார் என்றும், தம் தந்தையார் அப்படம் பற்றி ஒரு சொல்லும் கூறியதில்லை என்றும் உரைத்தார். தந்தையார் கூறாததைத் தமையனார் எங்ஙனம் அறிந்தார் என்னும் வினாவுக்குப் பின்னர் வருவோம்.

இனிப் படத்தினை நோக்குவாம். கலத்தின் நடுப்பகுதியில், பக்கவாட்டில், அரைவட்டமாகப் புடைத்த பெரியதொரு கூண்டு தெரிகின்றது. நீரைத் தள்ளும் சக்கரத்தை மூடியிருக்கும் கூண்டு அது. தட்டுகள் இரண்டு, மேல்தட்டு மெல்லிய தூண்களின் மேல் நிற்கின்றது, பக்கங்களுக்குச் சுவரில்லை. புகைபோக்கி ஒன்று. பாய் விரித்தற்குரிய மரங்கள் இல்லை. நீர்க்கோட்டிற்கு மேல் கலத்தின் உடல் ஓர் ஆள் உயரங்கூட இல்லை என்பது, அருகில் நிற்கும் சிறுவன் ஒருவனை அளவாகக் கொண்டு நோக்கின் புலனாகும்.

இவ்வுறுப்புகளுள் முதலாவதே வழக்கினைப் பெரிதும் தீர்த்துவிடுகின்றது. கடலோடும் நீராவிக் கப்பல்கள் தொடக்கத்திற் பக்கச் சக்கரங்களால் இயங்கினமை உண்மையே. ஆயின் அலைகடலிற் கப்பல் உருளுங்கால் ஒரு சக்கரம் நீரில் அழுந்த மற்றொன்று வானில் வீணே சுழலும். இக்குறையால் நீர்க்கீழ்ச் சுழலும் திருகுவிசிறி பையப் பையப் பக்கச் சக்கரத்தின் இடத்தைக் கவர்ந்தது. குனார்டு நிறுவனம் அட்லாண்டிக் கடலுக்கெனக் கட்டிய சக்கரக் கப்பல்களுள் இறுதியானது 1861-இல் நீரில் இறக்கப்பட்ட ஸ்கோஷியா ஆகும். அதன்பின் சக்கரம் ஆற்றிற்கும் அமைதியான கழிமுகத்திற்கும் உரியதாயிற்று. ஆழமற்ற நீரில் திருகுவிசிறி மணலில் தட்டும். சக்கரமோ இரண்டு மூன்று அடி நீரிலும் வேலை செய்யும். ஆதலின் படத்திலுள்ளது ஆற்றுக் கலமேயன்றிக் கடற்கலம் அன்று.

சிதம்பரனாரின் கப்பல்கள் எத்தகையன? சுதேசி நாவாய்ச் சங்கம் 1906 அக்டோபர் 16-இல் பதிவு செய்யப்பட்டது. முதல் பத்து இலட்சம் ரூபாய். ஒவ்வொன்றும் 25 ரூபாயாக 40,000 பங்குகள். மதுரைத் தமிழ்ச் சங்கத்தை 1901-இல் நிறுவிய பாலவனத்தம் பாண்டித்துரைத் தேவரே இதற்குத் தலைவர். தமிழாராய்ச்சிக்கும் கப்பலோட்டத்திற்கும் ஒருவரே தலைமை தாங்கிய காலம் அது என்பதை நம் மாணாக்கர் பலர் அறியார். 1907-இல் சங்கம் காலியா, லாவோ என்னும் இரு கப்பல்களை ஐரோப்பாவிலிருந்து வருவித்துத் தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே ஓட்டியது. ஒவ்வொன்றும் உயர் வகுப்பினரையன்றிப் பொதுப் பயணிகள் 1,300 பேரையும் 4,000 மூட்டைகளையும் சுமக்க வல்லன என்று எழுதியுள்ளனர். ஐரோப்பாவிலிருந்து அரபிக் கடல் கடந்து தன் வலியால் ஓடிவந்த கப்பல், திறந்த பக்கங்களையும் ஆளுயரமில்லா உடலையும் உடையதாயின், வழியிலேயே நீர் நிரம்பி ஆழ்ந்திருக்கும்.

இடமும் பொருந்தவில்லை. கடலூர்த் துறை திறந்த கடல் துறை. உப்பனாறும் கெடிலமும் கடலொடு கலக்கும் வாயில் மணல் திட்டுகள் உண்டு. நீராவிக் கப்பல்கள் கரைக்கு வாராமல் கடலிலேயே நங்கூரமிட்டு நிற்கப் படகுகளே சரக்கினை ஏற்றி இறக்கின. அத்தகைய துறையில் 1,300 பேர் ஏறும் கப்பல் ஆற்றினுள் புகுந்து கரை தட்டிற்று என்றல் பொருந்தாது.

இவ்விடத்தில் முதியவர் ஒரு தடை எழுப்பினார். படத்தின் பின்னணியில் குன்று ஒன்று தெரிகின்றதன்றோ, அது கேப்பர் மலை அன்றோ என்றார். கடலூரை அடுத்த கேப்பர் மலை செம்மண் மேடு. மலை என்னும் பெயர் அதற்கு மரியாதைக்கு வழங்குவது. படத்திலுள்ளதோ அலையலையாகத் தொடர்ந்து உயரும் குன்று வரிசை. அதன் முகடுகளில் வெண்ணிறக் கூம்புகள் பல காணப்படுகின்றன. அவை உப்புக் குவியல்களாகலாம் என்று முதியவர் மீண்டும் கூறினார். உப்பளங்கள் மிக்க இக்கடற்கரையில் வாழ்வார்க்கு அவ்வாறு தோன்றுதல் இயல்பே. ஆயின் குன்றின் முகட்டில் உப்பு விளைவதில்லை. பெருக்குக் கண்ணாடி கொண்டு நோக்கியபோது, அடியில் மணி போல் அகன்று மேலே ஊசியாக நீளும் வடிவம் தெளிவாயிற்று. அவை பௌத்த தூபிகள். அதுவும் பர்மியக் கட்டட மரபினைச் சார்ந்தவை.

பர்மா என்றவுடன் முதியவர் சற்று நேரம் பேசவில்லை. பின்னர், தம் தந்தையார் மாண்டலேப் பக்கத்தில் அரிசி ஆலையொன்றில் கணக்கராய் இருந்தவர் எனவும், 1942-இல் நடந்தே நாடு திரும்பியவர் எனவும், போர் முடிந்தபின் மீண்டும் அங்கே சென்று 1964-இல் வெறுங்கையராய் வந்தவர் எனவும் தெரிவித்தார். வீட்டுப் பரணில் தந்தையாரின் தகரப் பெட்டி ஒன்று இருந்தது. அதனைத் திறக்க அவர் உடனே இசைந்திலர். அடுத்த முறை யாம் சென்றபோது தாமே திறந்து வைத்திருந்தார். கடிதங்களுக்கிடையே இரண்டாம் நிழற்படம் கிடைத்தது.

இரண்டாம் படமும் கரை தட்டிய கலமொன்றையே காட்டுகின்றது. முதற்படத்திற் காண்பதும் இதுவும் ஒன்றா என்பதை முதலில் நிறுவ வேண்டும். ஒரே வகையாகக் கட்டப்பட்ட கலங்கள் பல இருத்தலின், பொது வடிவ ஒற்றுமை போதாது; ஊறுபட்ட இடங்களின் ஒற்றுமையே வேண்டுவது. ஓலைச் சுவடிகளில் இரு படிகள் ஒரே மூலத்தினின்று வந்தனவா என்பதைச் சரியான பாடங்களைக் கொண்டு துணியாமல் பிழைகளைக் கொண்டே துணிகின்றோம் அன்றோ? முதற்படத்தில் மேல்தட்டின் முன்புறத்தே அடுத்தடுத்து மூன்று தூண்கள் முறிந்துள்ளன. சக்கரக் கூண்டின் மேல்விளிம்பில் பலகை பெயர்ந்து முக்கோணமாக ஓர் ஓட்டை உள்ளது. புகைபோக்கியைப் பிடித்து நிறுத்தும் கம்பிகளுள் ஒன்று அறுந்து தொங்குகின்றது. இம்மூன்றும் இரண்டாம் படத்தில் அவ்வாறே உள்ளன. ஆகவே கலம் ஒன்றே. நின்று எடுத்த இடம் மட்டும் வேறு.

அவ்வேறு இடத்திலிருந்து எடுத்தமையால் முதற்படத்தில் இல்லாத ஒன்று இரண்டாவதில் இடம்பெற்றது. கலத்திற்கு அப்பால், ஆற்றின் குறுக்கே, இரும்புப் பாலம் ஒன்று செல்கின்றது. பாலத்தின் தூண்கள் நிற்கின்றன. அவற்றின் மேல் இருக்கவேண்டிய வளைவுகளுள் இரண்டு இல்லை.

இப்பாலம் யாதென அறிதல் அரிதன்று. ஐராவதியின் குறுக்கே சகாயிங்குக்கும் பழைய ஆவா நகருக்கும் இடையே 1934-இல் ஆங்கில அரசு புகைவண்டியும் சாலையும் செல்லப் பெரும்பாலம் ஒன்று கட்டிற்று. அவ்வாற்றின் மேல் 1990-களின் பிற்பகுதி வரை வேறு பாலம் இருந்ததில்லை. சப்பானியர் படை நெருங்கியபோது, 1942 ஏப்ரல் 30 அன்று பின்வாங்கிய ஆங்கிலப் படையினரே அதன் இரண்டு வளைவுகளை வெடி வைத்துத் தகர்த்தனர். 1954-இல்தான் அது செப்பனிடப்பட்டுத் திறக்கப்பெற்றது. பாலத்தின் ஒரு கோடியில் சகாயிங்குக் குன்றுகள். அவற்றின் முகடுதோறும் வெண்தூபிகள். முதற்படத்தின் குன்றும் இரண்டாம் படத்தின் பாலமும் இங்ஙனம் ஒன்றையொன்று உறுதி செய்கின்றன.

காலமும் இதனால் வரையறைப்படுகின்றது. படம் 1942 ஏப்ரல் 30-க்கு முற்பட்டதன்று, 1954-க்குப் பிற்பட்டதன்று. இவ்வெல்லையை மேலும் சுருக்கலாம். மாண்டலே 1945 மார்ச்சில் சப்பானியரிடமிருந்து மீட்கப்பட்டது. அதற்கு முன் அங்கே தமிழ்க் கணக்கர் ஒருவர் ஆற்றங்கரையில் நின்று பாலத்தைப் படம் எடுத்திருத்தல் நம்பத்தக்கதன்று; நாம் அறிந்தவாறு அவர் அப்போது கடலூரில் இருந்தார். எனவே 1945-க்கும் 1954-க்கும் இடைப்பட்ட காலம் என்று கொள்வதே தகும். ஆண்டின் பருவமும் தெரிகின்றது. ஐராவதி மாசி பங்குனியில் மெலிந்து மணல் காட்டும். ஆடி ஆவணியில் கரை புரளும். படத்தில் மணல் அகன்று வெடித்துக் கிடத்தலின் கோடைத் தொடக்கம் என்க.

இனிக் கலம் எவருடையது? ஐராவதியில் பக்கச் சக்கரப் பெருங்கலங்களை ஓட்டியது ஐராவதி புளோட்டில்லா என்னும் நிறுவனம். 1865-இல் தொடங்கப்பெற்றது, கிளாசுகோவைச் சார்ந்த முதலாளிகளுடையது. கலங்கள் பெரும்பாலும் இசுக்காட்லாந்தில் டம்பார்ட்டன் ஊரிலுள்ள டென்னி பட்டறையிற் செய்யப்பட்டன. அவற்றைப் பகுதி பகுதியாகப் பிரித்துக் கடற்கப்பலில் ஏற்றி வந்து, இரங்கூனுக்கு எதிர்க்கரையிலுள்ள டல்லாவில் பூட்டி ஆற்றில் இறக்குதல் வழக்கம். ஆற்றுக் கலம் தானே கடல் கடவாது என்று மேலே கூறியதற்கு இவ்வழக்கமே தக்க சான்று. அவற்றுள் மிகப் பெரியவை 326 அடி நீளமுடையன. 1920-களில் இந்நிறுவனத்திடம் அறுநூற்றுக்கு மேற்பட்ட கலங்கள் இருந்தன. ஆண்டொன்றுக்கு 90 இலட்சம் மக்கள் அவற்றிற் பயணம் செய்தனர். உலகில் ஆற்று நீராவிக் கலங்களின் கூட்டம் இதனினும் பெரியது அந்நாளில் இல்லை என்பர். சாரங்குகளும் ஓட்டுநரும் பெரும்பாலும் சிட்டகாங்குப் பகுதியினர். தட்டில் அமர்ந்து சென்றோருள் தமிழரும் தெலுங்கரும் எண்ணிறந்தோர். 1931 கணக்கெடுப்பின்படி பர்மாவில் வாழ்ந்த இந்தியர் பத்து இலட்சத்திற்கு மேற்பட்டவர்.

சக்கரத்தின் இடமும் கருதத்தக்கது. ஐராவதியின் கிளையாகிய சிந்துவின் ஆற்றில் நீர் குறைவு. அங்கே சென்றவை சக்கரம் பின்புறம் அமைந்த சிறு கலங்கள். நம் படத்திற் காண்பது சக்கரம் நடுப்பக்கத்தே அமைந்த பெரிய கலம். அஃதாவது பேராற்று வழியில் ஓடியது. கங்கையிலும் பிரமபுத்திரத்திலும் இதனை ஒத்த கலங்கள் ஓடின. பாலமும் தூபிகளும் இல்லையேல் அவற்றினின்று இதனைப் பிரித்தறிதல் எளிதன்று. பெயர்ப்பலகை இருந்த இடத்தில் வெறுஞ்சட்டமே எஞ்சியுள்ளது. ஆகவே நிறுவனமும் வகையும் வரையில் துணிந்து, தனிப்பெயர் சூட்டும் ஆசையை யாம் அடக்கிக்கொண்டோம். தனிப்பெயர் சூட்டும் ஆசைதானே முதற் பிழைக்குக் காரணம்.

அக்கலம் மணலில் கிடப்பானேன்? புயலாலோ ஓட்டுநர் பிழையாலோ நிகழ்ந்த விபத்து அன்று. இரங்கூன் 1941 டிசம்பர் 23-இல் குண்டு வீசப்பெற்று, 1942 மார்ச்சு 8-இல் வீழ்ந்தது. கலங்கள் ஆற்றின் மேற்பகுதிக்குப் பின்வாங்கின. ஏப்ரல் 3-இல் மாண்டலே எரிந்தது. இனிச் செல்ல இடமில்லை என்னும் நிலையில், சப்பானியர் கையில் அகப்படலாகாது என்று, நிறுவனத்தின் மேலாளராகிய ஜான் மார்ட்டன் என்பார் தம் கலங்களைத் தாமே மூழ்கடிக்கச் செய்தார். மாண்டலேயிலும் அதற்கு மேலுள்ள துறைகளிலுமாக நூற்றுக்கணக்கான கலங்கள் இவ்வாறு தம்மவராலேயே அழிக்கப்பட்டன. ஆறு மெலியும்போதெல்லாம் அவற்றின் உடல்கள் வெளிப்பட்டன. நம் படத்தில் தட்டுப் பலகைகள் பெரும்பாலும் இல்லாமை, அவை நல்ல தேக்காதலின் ஊரார் பெயர்த்துக் கொண்டமையால் ஆகலாம். 1948-இல் எஞ்சிய கலங்களொடு நிறுவனமும் பர்மிய அரசின் உடைமையாயிற்று.

கலங்கள் மூழ்கிய அதே திங்களில், அவற்றில் ஏறிச் செல்ல வேண்டியவர் கால்நடையாக நடந்தனர். மாண்டலேயிலிருந்து சிந்துவின் ஆறு கடந்து, தாமு வழியாக மணிப்பூர் இம்பாலுக்குச் செல்லும் மலைப்பாதை அது. கடல் வழியும் நில வழியுமாக அவ்வாண்டில் பர்மாவை விட்டு நீங்கிய இந்தியர் ஏறத்தாழ ஐந்து இலட்சம் பேர். பசியாலும் வாந்திபேதியாலும் காய்ச்சலாலும் வழியில் இறந்தவர் பல்லாயிரவர். தகரப் பெட்டியிலிருந்த கடிதங்களுள் ஒன்றில், போருக்குப் பின் திரும்பிச் சென்ற அக்கணக்கர், முன்பு தாம் ஏறிச் சென்ற கப்பல்கள் மணலில் கிடப்பதைத் தம் மனைவியார்க்கு எழுதியுள்ளார். படங்களை ஏன் எடுத்தார் என்பதற்கு அதுவே விடை.

அங்ஙனமாயின் அப்படம் சிதம்பரனாரின் கப்பலாக மாறியது எங்ஙனம்? இதனைக் குடும்பத்தாரின் அறியாமை என்று ஒதுக்குதல் நேர்மையாகாது. 1961-இல் பி. ஆர். பந்துலு இயக்கிய கப்பலோட்டிய தமிழன் என்னும் திரைப்படம் வெளிவந்தது. சிவாஜி கணேசன் சிதம்பரனாராக நடித்தார். ம. பொ. சிவஞானம் எழுதிய நூலைத் தழுவியது அப்படம். 1972-இல் சிதம்பரனாரின் நூற்றாண்டு கொண்டாடப்பட்டது. அவ்விடைக்காலத்தே தமிழ்நாட்டில் பழைய நீராவிக் கப்பல் என்றால் அது ஒருவருடைய கப்பலே. பர்மாவிலிருந்து வெறுங்கையராய்த் திரும்பிய தந்தை வாய் திறவாதவர். மகனுக்குக் கிடைத்ததோ கப்பற்படம் ஒன்று. தோல்வியின் படத்தைப் பெருமையின் படமாக்கிக் கொண்டது அவ்வில்லம். உப்பனாறு என்று சேர்த்தது, படத்தில் ஆறு இருத்தலானும் வீட்டு வாயிலில் ஆறு இருத்தலானும் ஆகும்.

இத்தகைய பிழை ஓர் இல்லத்தளவில் நிற்பதில்லை. இவ்வாய்வு நிகழ்ந்தபோது சிதம்பரத்தில் எம்மிடம் பயிலும் மாணவர் ஒருவர், காலியா என்னும் பெயர் பொறித்த வேறு இரு படங்களைக் கொணர்ந்தார். இரண்டும் பழைய அஞ்சலட்டைகளின் படிகள். பெயர் ஐயத்திற்கு இடமின்றி அச்சிடப்பட்டிருந்தது. கடலூர்ப் படம் அன்றெனின் இவற்றுள் ஒன்று உண்மைக் காலியா ஆகலாமன்றோ என்பது அவர் வினா.

காலியா என்பது பிரான்சு நாட்டின் பழைய இலத்தீன் பெயர். அப்பெயரைப் பல நாட்டினர் பல கப்பல்களுக்கு இட்டுள்ளனர். மாணவர் கொணர்ந்த முதற்படத்தில் புகைபோக்கி ஒன்று, பாய்மரங்கள் மூன்று, நேர்நிமிர்ந்த முன்முகம். இது குனார்டு நிறுவனத்தின் காலியா. கிளாசுகோவில் கட்டப்பட்டு 1879-இல் லிவர்ப்பூலுக்கும் நியூயார்க்குக்கும் இடையே ஓடத் தொடங்கியது, 4,809 டன். 1899-இல் கனடாவின் செயின்ட் லாரன்சு ஆற்றில் சோரல் என்னுமிடத்தருகே கரை தட்டியது. அடுத்த ஆண்டு உடைத்து விற்கப்பட்டது. 1900-இல் உடைக்கப்பட்ட கப்பல் 1907-இல் தூத்துக்குடிக்கு வருமாறில்லை. இரண்டாம் படத்திலுள்ளது புகைபோக்கி மூன்றுடைய பெருங்கப்பல். இது பிரான்சிலிருந்து தென்னமெரிக்காவுக்கு ஓடுதற்கென 1913-இல் நீரில் இறக்கப்பட்டது. முதல் உலகப் போரில் படைவீரரை ஏற்றிச் சென்றபோது, 1916 அக்டோபர் 4-இல் சார்டினியாவுக்கு அருகே செருமானிய நீர்மூழ்கியால் அழிக்கப்பட்டது. சுதேசிச் சங்கம் கலைந்தபின் பிறந்த கப்பல் சங்கத்தின் கப்பலாகாது. முன்னது இறந்தபின், பின்னது பிறக்குமுன் ஓடியது நம் காலியா. பெயர் ஒன்றையே சான்றாகக் கொண்டு படம் தேடுவார், சங்கப் புலவர் நக்கீரரையும் பிற்கால நக்கீரர்களையும் ஒருவராக்கும் பிழையையே செய்வர்.

மற்றைக் கப்பலின் பெயரைப் பற்றியும் ஒன்று கூற விழைகின்றோம். தமிழ் நூல்களில் லாவோ என்றே அது எழுதப்படுகின்றது. ஆங்கிலப் பதிவுகளில் அப்பெயரின் இறுதியில் ஓகார எழுத்தும் ஏகார எழுத்தும் அடுத்து வருகின்றன. இவ்விரண்டெழுத்துக் கூட்டு ஒல்லாந்து மொழியில் உகர ஒலிக்குரிய குறியீடு. யவத்தீவின் நடுப்பகுதிக்கும் கிழக்குப் பகுதிக்கும் இடையில் 3,265 மீட்டர் உயரமுள்ள லாவு என்னும் எரிமலை இருக்கின்றது. ஒல்லாந்தர் ஆட்சிக் காலத்தில் அம்மலையின் பெயர் இவ்வெழுத்துகளாலேயே எழுதப்பட்டது. 1947-இல்தான் இந்தோனேசியர் அவ்வீரெழுத்தை நீக்கி ஓரெழுத்தாக்கினர். யவத்தீவின் மலைகளின் பெயர்களைத் தம் கப்பல்களுக்கு இடுதல் ஒல்லாந்துக் கப்பல் நிறுவனத்தார் வழக்கம். ஆகவே சுதேசிச் சங்கத்தின் இரண்டாம் கப்பல் ஒரு காலத்தில் ஒல்லாந்தர் பெயரிட்டது என்றும், அதன் பெயரை லாவு என்று ஒலித்தலே முறை என்றும் கருதுகின்றோம். படம் தேடுவார் ஆங்கிலத் துறைகளினும் ஒல்லாந்துத் துறைகளின் பழம்படத் தொகுதிகளில் தேடின் பயனுண்டாகலாம். தேடுங்கால் பக்கச் சக்கரம் இன்மை, 1907-க்கு முன் கட்டப்பட்டமை, அவ்வாண்டில் கைமாறியமை ஆகிய மூன்றும் ஒருங்கே பொருந்துகின்றனவா என்று நோக்குக.

முடிந்த முடிபினைக் கடலூர் முதியவரிடம் கூறும் கடமை எஞ்சி நின்றது. அதனைக் கடிதத்தில் எழுதியனுப்ப மனம் ஒருப்படவில்லை, நேரிற் சென்றோம். இரண்டு படங்களையும் பக்கத்திற் பக்கம் வைத்து, முறிந்த தூண்களையும் பாலத்தையும் காட்டினோம். அவர் பெருக்குக் கண்ணாடியை வாங்கி நெடுநேரம் நோக்கினார். குடும்பத்தில் பங்கு வாங்கியவர் உண்டென்பதையும் தாங்கள் மறுக்கின்றீர்களோ என்று வினவினார். படம் அதற்குச் சான்றாகாது என்பதே எம் கூற்று; பங்குப் பத்திரம் ஏதேனும் கிடைத்தால் வேறு என்றோம். அவர் அதற்கு விடை கூறவில்லை. அப்பா நடந்து வந்தார் என்று மட்டும் கேட்டிருக்கிறேன், எந்த ஊரிலிருந்து புறப்பட்டார் என்று இன்றுதான் பார்க்கிறேன் என்றார்.

பழைய தாள்துண்டினை அகற்ற அவர் இசைந்திலர். அது தமையனார் கையெழுத்து. இரண்டாம் படத்திற்குச் சட்டம் போட்டு அதனருகே மாட்டுவதாகவும், அதன் அடியில் எழுத வேண்டுவதை எம் கையாலேயே எழுதித் தருமாறும் கேட்டார். ஐராவதி ஆறு, சகாயிங்குப் பாலத்தருகே, 1945-க்கும் 1954-க்கும் இடையில் என்று எழுதிக் கொடுத்தோம். படம் எடுத்தவர் பெயரையும் சேர்க்கச் சொன்னார், சேர்த்தோம்.